நிரல் திறந்திருந்தால் போதுமா?

'கெ' என்று தட்டச்சு செய்தால் கணினியின் நினைவகத்தில் முதலில் 'க'வும் அதன்பின் கொம்பும் பதிவாகின்றன. யூனிகோட் வகுத்த வரிசை அது. திரையிலோ கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்றே எழுத்தமைப்பு மென்பொருள்கள் இருக்கின்றன; ஹார்ஃப்பஸ், அதைத் துணையாகக் கொண்ட பாங்கோ ஆகியவை அவற்றில் புகழ்பெற்றவை. எஃப்எல்டிகே என்ற வரைகலை இடைமுக நிரலகத்தை லினக்ஸின் எக்ஸ்11 திரைமுறைக்கு மட்டும் உருவாக்கும்போது, பாங்கோவைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்ற தேர்வு நம்மிடம் விடப்படுகிறது. சேர்த்தால் தமிழ் ஒழுங்காக வரும். விட்டுவிட்டால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிரதிகளுக்கும் மூலநிரல் ஒன்றேதான், ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது அந்த நிரலை இயங்கும் மென்பொருளாக ஆக்கிய விதம். கணினித் துறையினர் அதை 'பில்டு' என்பார்கள். திறந்த மூலநிரலைப் பற்றிப் பேசும்போது அதைப் படிக்கும் உரிமையைத்தான் பெரிதாகச் சொல்கிறோம். படித்த நிரலைத் தானே பில்டு செய்யவும் முடிந்தால்தான் அந்த உரிமை முழுமை பெறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரைகலை இடைமுக நிரலகங்களை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஒரு சாளரம் திறக்க வேண்டும் என்ற எளிய காரியத்தை விண்டோஸ் ஒருவிதமாகவும் மேக் வேறுவிதமாகவும் லினக்ஸ் இன்னொருவிதமாகவும் செய்கின்றன. ஒரே செயலியை மூன்று முறை எழுதும் பாட்டைத் தவிர்க்கவே பல்தள நிரலகங்கள் பிறந்தன. 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே வரவழைத்துக் கொடுக்கும். நார்வேயின் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் உருவாக்கி 1995-ல் பொதுவெளிக்கு விட்ட க்யூட்டி, பெரும்பாலும் பொத்தானைத் தானே வரைந்து, பார்வைக்கு அந்தத் தளத்தின் சாயலைப் பூசிக்கொள்ளும். வழி எதுவானாலும், ஒரே மூலநிரலுக்குள் விண்டோஸுக்கான பகுதி, மேக்குக்கான பகுதி, லினக்ஸுக்கான பகுதி என்று பல உடல்கள் அடங்கிக் கிடக்கின்றன. எது உயிர்பெறும், எது உறங்கும் என்பது பில்டு நடக்கும் நேரத்தில்தான் முடிவாகிறது. ஆகவே இந்த நிரலகங்களைப் படித்துப் பார்ப்பவருக்குத் தெரிவது பல சாத்தியங்கள். பயனரின் கணினியில் ஓடுவதோ அவற்றுள் ஒன்று.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் க்யூட்டியில் தெளிவாகக் காணலாம். 2020 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு முதல் க்யூட்டியின் பில்டு சிமேக் என்ற கருவியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சிமேக் முதலில் கணினியைத் துருவிப் பார்க்கும்: மூலநிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர்களில் எது இருக்கிறது, படங்களைத் திறக்கும் நிரலகங்கள் உண்டா, முப்பரிமாண வரைகலைக்கு வழி உண்டா, ஹார்ஃப்பஸ் கணினியிலேயே இருக்கிறதா, இல்லை க்யூட்டி தன்னுடன் கொண்டுவரும் பிரதியைப் பயன்படுத்த வேண்டுமா? பதில்களுக்கேற்ப வேலைப்பட்டியல் தயாராகும். அடுத்ததாக ஒரு விசித்திரமான கட்டம். பொத்தான் அழுத்தப்பட்ட செய்தியை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கக் க்யூட்டி வகுத்திருக்கும் முறைக்கு வழக்கமான சி-பிளஸ்-பிளஸ் மொழியின் வசதிகள் மட்டும் போதவில்லை. அதனால் 'மாக்' என்ற துணைக்கருவி நிரலைப் படித்து, கூடுதல் நிரலைத் தானே எழுதித் தரும். அந்த மாக் கருவியும் க்யூட்டியின் ஒரு பகுதிதான். எனவே முதலில் மாக்கை உருவாக்கி, பிறகு அதைக் கொண்டு மற்றதையெல்லாம் உருவாக்க வேண்டும். ஒரு மனிதக் கையும் எழுதாத நிரல் வரிகள் இப்படி முடிவான மென்பொருளுக்குள் நுழைகின்றன. மூலநிரலை வரிவரியாகப் படித்தவர்கூட அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆயத்தமாகக் கிடைக்கும் பிரதியை இறக்கிக்கொண்டால் இந்தத் தலைவலி எதற்கு என்று தோன்றும். பல நேரங்களில் அது போதும்தான். ஆனால் அந்தப் பிரதி எந்தக் கருவியால், எந்த இயந்திரத்துக்காக ஆக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அது பயன்படும். விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஆக்கிய சி-பிளஸ்-பிளஸ் நிரலகத்தையும் மின்ஜிடபிள்யூ என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பு ஆக்கியதையும் ஒன்றோடொன்று இணைக்க முடியாது. செயற்கூறுகளின் பெயர்களை இரண்டும் வெவ்வேறு விதமாகக் குறியிடுகின்றன, பிழை நேரும்போது வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அதனால்தான் க்யூட்டியின் ஆயத்தப் பிரதிகள் இரண்டுக்கும் தனித்தனியே வெளியாகின்றன. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிக்கோ, ஒரு காரின் முகப்புத்திரைக்கோ வேண்டுமென்றால் சிக்கல் கூடும். நிரலை ஆக்குவது மேசைக் கணினி, ஓட்டப்போவது வேறு வகைச் சில்லு. மாக் கருவி மேசைக் கணினியில் ஓட வேண்டும், நிரலகமோ சிறு சில்லுக்குப் பொருந்த வேண்டும். ஆகவே க்யூட்டி ஆறில் முதலில் மேசைக் கணினிக்கு ஒரு க்யூட்டியை உருவாக்கி, அதன் துணையோடு சில்லுக்கு இன்னொன்றை உருவாக்குவதே நடைமுறை. உலகில் எத்தனை விதமான கருவிகள் உண்டோ அத்தனைக்கும் ஆயத்தப் பிரதி தர எந்த நிறுவனத்தாலும் ஆகாது. பில்டு செய்யத் தெரிந்தவருக்கே அந்த வாசல் திறக்கும்.

தொழில்நுட்பத்தைத் தாண்டி, இது உரிமைப் பிரச்சினையும்கூட. தொடக்கத்தில் லினக்ஸுக்கு இலவசமாகக் கிடைத்த க்யூட்டியின் மூலநிரலைப் பார்க்கலாம், ஆனால் திருத்தி வெளியிட அனுமதி இல்லை. 1996-ல் தொடங்கிய கேடிஇ என்ற லினக்ஸ் மேசைத்தளம் முழுவதும் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. 1997-ல் க்னோம் என்ற மாற்று மேசைத்தளத் திட்டம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1998-ல் க்யூட்டியின் உரிமையாளரான ட்ரோல்டெக் நிறுவனமும் கேடிஇ அமைப்பும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவின. இலவசப் பதிப்பு நின்றுபோனால், தாராளமான உரிமத்தில் க்யூட்டியை வெளியிடும் அதிகாரம் அந்த அறக்கட்டளைக்கு உண்டு. 2000-ல், திருத்தி வெளியிடவும் இடம்தரும் ஜிபிஎல் உரிமமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சோதனை இருபது ஆண்டு கழித்து வந்தது. க்யூட்டி 5.15-இன் நீண்டகாலப் பராமரிப்புத் திருத்தங்கள் இனி பணம் கட்டியவர்களுக்கே முதலில் கிடைக்கும் என்று 2020-ல் அறிவிப்பு வெளியானது. 5.15.3 பதிப்பு பொதுமக்களுக்குக் கிடைக்க ஓராண்டு தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் கேடிஇ குழு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தேவையான திருத்தங்களைத் திரட்டி 2021 ஏப்ரலில் தன் சொந்தத் தொகுப்பை அறிவித்தது. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அதைச் சேர்த்துப் பில்டு செய்து பயனர்களிடம் சேர்த்தார்கள். உரிமம் வழியைத் திறந்துவிட்டது உண்மை. அந்த வழியில் நடக்க முடிந்ததற்குக் காரணம், க்யூட்டியைத் தாங்களே ஆக்கத் தெரிந்த ஆட்கள் நிறுவனத்துக்கு வெளியே இருந்ததுதான்.

இன்னொரு சான்று பாதுகாப்பிலிருந்து வருகிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ஸன், 1984-ல் வெளியான தமது டூரிங் விருது உரையில் ஒரு சங்கடமான உண்மையை நிறுவிக் காட்டினார்: கம்பைலரையே ஏமாற்றுக்காரனாக்கிவிட்டால், மாசற்ற மூலநிரலிலிருந்தும் திருட்டுக் கதவுள்ள மென்பொருளை ஆக்கலாம். அப்போது அது ஓர் எச்சரிக்கை. 2024 மார்ச்சில் அதன் நெருங்கிய உறவு ஒன்று நேரில் வந்து நின்றது. லினக்ஸில் எங்கும் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆனதே அவருக்குத் துப்புக் கொடுத்தது. நச்சு நிரல் சோதனைக் கோப்புகளின் வேடத்தில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரியோ, எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தந்த பொதியின் பில்டு குறிப்பில்தான் இருந்தது. களஞ்சியத்தை மட்டும் படித்தவர் கண்ணில் அது பட வாய்ப்பே இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எக்ஸ்இசட் பொதியை எடுத்துப் பில்டு செய்தவர்கள்தானே மாட்டிக்கொண்டார்கள்? பில்டு செய்தால் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஒருவர் தனியாகப் பில்டு செய்வது தன்னளவில் எந்தக் காவலும் ஆகாது. பலர் பல இடங்களில் தனித்தனியே பில்டு செய்து விளைவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே காவல். அதற்கு ஒரு தடை இருந்தது: ஒரே நிரலை இருமுறை பில்டு செய்தாலே விளைவு மாறிவிடும். உருவான நேரம், கோப்பு கிடந்த அடைவின் பெயர், கோப்புகளைப் படித்த வரிசை எல்லாம் உள்ளே பதிந்துவிடுவதுதான் காரணம். இவற்றை நீக்கி, யார் செய்தாலும் கடைசி பிட் வரை ஒரே விளைவு வரச்செய்யும் முயற்சியை டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழு 2013-ல் கையில் எடுத்தது. இன்று பல லினக்ஸ் திட்டங்கள் அதில் இணைந்திருக்கின்றன. வினியோகிக்கப்பட்ட பிரதியும் நாமே ஆக்கிய பிரதியும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி கேட்க இப்போது இடம் இருக்கிறது. வெளியீட்டுப் பொதியை நம்பாமல் களஞ்சியத்திலிருந்தே பில்டைத் தொடங்க வேண்டும் என்ற குரல் எக்ஸ்இசட் சம்பவத்துக்குப் பின் ஓங்கியதும் இதே தர்க்கத்தால்தான். தாம்ஸன் காட்டிய ஆபத்துக்குக்கூட டேவிட் வீலர் என்ற ஆய்வாளர் ஒரு மாற்று வைத்தார்: சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை வேறொரு கம்பைலரால் ஆக்கி, அப்படி ஆனதைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் ஆக்கி ஒப்பிடுவது. அதற்கும் முதல் தேவை, பில்டு எவருக்கும் சாத்தியமாக இருப்பதே.

அடுத்த மறுப்பு நேரமும் மின்சாரமும் பற்றியது. க்யூட்டியை முழுதாக ஆக்கச் சாதாரண மடிக்கணினிக்குப் பல மணி நேரம் ஆகலாம். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நிறுவனமும் இதைச் செய்வது வீண் என்பார்கள். வீண்தான், எல்லோரும் செய்ய வேண்டியதும் இல்லை. சமைப்பதற்கு அரிசி போதும். ஆனால் ஊரில் ஒருவரிடமும் விதைநெல் இல்லையென்றால் அடுத்த விளைச்சல் விற்பவன் கையில். தேவையற்ற பகுதிகளை விலக்குவதும், முன்பு ஆக்கிய துண்டுகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவதும் செலவை வெகுவாகக் குறைக்கும். இன்னொரு சாராரோ, இணைய உலாவியே எல்லாத் தளங்களிலும் ஓடும்போது இந்த நிரலகங்களின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எலெக்ட்ரான் போன்ற சட்டகங்களில் எழுதியவர்கள் பில்டு தொல்லையிலிருந்து விடுபட்டதாக நினைப்பது இயல்பு. உண்மையில் அந்தச் செயலி ஒவ்வொன்றும் குரோமியம் உலாவியின் உடலைச் சுமந்து திரிகிறது. குரோமியத்தைப் பில்டு செய்வது வழக்கமான இடைமுக நிரலகத்தை ஆக்குவதைவிடப் பல மடங்கு பாரமான வேலை. க்யூட்டியிலும் மிகக் கனமான பகுதிகளுள் ஒன்று, குரோமியத்தை உள்ளே வைத்திருக்கும் அதன் இணையக்கூறுதான். தொல்லை தீரவில்லை, வெகு சிலரால் மட்டுமே தூக்க முடிந்த அளவுக்கு வளர்ந்து அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. அப்படிப் போனபின் அவர்கள் எடுக்கும் முடிவுகளே எல்லோருக்குமான முடிவுகள் ஆகும்.

ஆகவே ஒரு மென்பொருளைத் திறந்த மூலநிரல் என்று யாராவது அறிவிக்கும்போது, உரிமத்தின் பெயரோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: எழுதியவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அறிமுகமில்லாத ஒருவர் தம் கணினியில் இதை ஆக்க முடியுமா? என்னென்ன கருவிகள் வேண்டும், எந்தப் பதிப்பு, எந்தத் தேர்வுகள் இயல்பாக அணைந்திருக்கின்றன, ஆக்கியதைச் சரிபார்ப்பது எப்படி என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா? கணினியியல் கற்பிப்போரும் சொந்தமாக நிரல் எழுதுவதோடு பாடத்தை முடித்துவிடாமல், பிறர் எழுதிய பெரிய நிரல் ஒன்றை மாணவர்கள் முழுதாகப் பில்டு செய்து, ஒரு தேர்வை மாற்றி, விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கச் செய்யலாம். பொதுப்பணத்தில் எழுதப்படும் மென்பொருள்களுக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்: ஒப்படைக்கும் நாளில், எழுதிய நிறுவனத்தைச் சேராத ஒருவர் அதைப் பில்டு செய்து காட்டிய பிறகே கடைசித் தவணை. அந்தச் சோதனையில் தோற்கும் நிரல் எத்தனை தாராளமான உரிமத்தில் வந்தாலும், அதை எழுதியவர் விலகும் நாளில் பயனரின் கையில் மிஞ்சுவது படிக்க மட்டுமே உதவும் ஓர் ஆவணம்.