திருநாராயணபுரத்துப் புளியோதரைக்கு ஒரு வெப்சைட்

வைரமுடி சேவை இரவில் மேல்கோட்டையில் கால் வைக்க இடம் கிடைக்காது. மாண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலுடன் வரும் வைரமுடியை உற்சவர் செல்லப்பிள்ளைக்குச் சூட்டிப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையேறுகிறார்கள். மைசூருக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள இந்தச் சிற்றூரை ராமானுஜர் தங்கிய திருநாராயணபுரமாக வைணவர்களுக்குத் தெரியும். ரஜினி ரசிகர்களுக்கு 'தளபதி' (1991) படப்பிடிப்பு நடந்த இடமாக. சேவித்து முடித்தவர்கள் வாங்கிப் போவது புளியோதரைப் பொடியும் புளிக்காய்ச்சலும். விவரம் தெரிந்தவர்கள் கைத்தறி வேட்டியும் கேட்பார்கள். திருவிழா முடிந்ததும் கூட்டம் கலைகிறது. கடை மட்டும் அங்கேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் கடை வைத்திருப்பவருக்கு வெப்சைட் ஆசை வருவதில் தப்பில்லை. சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது: அது என்ன சாதித்தால் போட்ட பணம் வீணாகவில்லை என்று சொல்லலாம்?

பெரும்பாலும் கிடைக்கும் பதில் "நிறையப் பேர் பார்க்க வேண்டும்." பழைய வியாதி இது. 1990களில் 'ஹிட்' கணக்கு காட்டிப் பெருமைப்பட்டார்கள். பத்துப் படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே 11 ஹிட் விழும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. 2005-ல் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ், வருகையைத் தாண்டி 'கோல்' எத்தனை நிறைவேறியது என்று எண்ணித் தந்தது. பிறகு அதற்கு 'கன்வர்ஷன்' என்று பெயர். 2024-லிருந்து 'கீ ஈவென்ட்'. பெயர் எதுவானாலும், எதை எண்ண வேண்டும் என்று கடைக்காரர்தான் சொல்லியாக வேண்டும். மென்பொருளுக்குப் புளியும் தெரியாது, லாபமும் தெரியாது.

கணக்கை அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவதே உசிதம். ஒரு குடும்பம் வறுத்து, இடித்து, வாரத்துக்கு 60 பாக்கெட் போட முடியும், அதில் 40 கடையிலேயே போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். வெப்சைட் விற்க வேண்டியது மிச்சமுள்ள 20. பார்க்கும் 100 பேரில் இருவர் ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கினால், வாரம் 1,000 பேர் வந்தால் போதும். விளம்பரத்துக்குச் செலவழித்து 10,000 பேரை இழுத்தால் 200 ஆர்டர் வரும்; 180 பேரின் வாயில் விழ வேண்டியதுதான்.

இன்னொரு வழி உண்டு. திருவிழாவில் வாங்கி ருசி கண்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் திரும்பக் கேட்பார்கள் என்றால், 200 பேர் வந்தாலே 20 பாக்கெட் போய்விடும். எனவே இந்தக் கடைக்குப் பொருத்தமான இலக்கு: 'வைரமுடி முடிந்து மூன்று மாதத்துக்குள், பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வாரம் 20 ஆர்டர்.' அதற்கான வேலை கம்ப்யூட்டரில் ஆரம்பிப்பதில்லை. பாக்கெட் லேபிளில் வெப்சைட் முகவரியைப் பளிச்சென்று அச்சடிப்பதில் ஆரம்பிக்கிறது.

பெரிய ஆட்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இணையம் வழியாக மளிகை விற்ற வெப்வான், ஓர் ஊரில் லாபம் பார்க்கும் முன்பே பல ஊர்களுக்குப் பாய்ந்து, 2001 ஜூலையில் திவாலானது. பெங்களூரில் 1999-ல் தொடங்கிய ஃபேப்மார்ட், முதலில் விற்றது இசை சி.டி.க்களை: கெட்டுப்போகாத, அளவு பார்க்க வேண்டாத சரக்கு. மளிகைக்கு வந்தபின் 2002-ல் நிஜக் கடைகளே திறந்தார்கள். அந்தக் கடைகள் 2006-ல் ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போயின. இந்தியாபிளாசா என்று பெயர் மாறிய வெப்சைட் 2013-ல் மூடப்பட்டது. ஆனால் அதே நிறுவனர்களில் சிலர் 2011-ல் மீண்டும் மளிகையைத் தொட்டார்கள். அதுதான் பிக்பாஸ்கெட்.

"இந்தியா முழுவதும் அனுப்பப்படும்" என்று எழுதுவது சுலபம். கர்நாடகத்துக்குள் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வரிக்குரிய சரக்கை மாநிலம் தாண்டி விற்றாலோ தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே ஒரு பாக்கெட்டுக்கு ஆர்டர் வந்தாலும் ஆடிட்டரைப் பார்க்க வேண்டியதுதான். உணவுப் பொருள் என்பதால் லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் வேண்டும். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, வரும் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். பெங்களூர், மைசூர் இரண்டோடு முதல் ஆண்டை ஓட்டுவது கோழைத்தனமல்ல.

வேட்டிக் கடையின் கதை வேறு. பத்தாறா, ஒன்பதைந்தா, கரை எந்த அகலம், நூல் எவ்வளவு மெல்லியது என்று தடவிப் பார்க்காமல் வாங்காத ஆட்கள் அவர்கள். அங்கே 'கார்ட்', 'பேமென்ட்' எல்லாம் ஆடம்பரம். கடை எங்கே, எந்த நேரம் திறந்திருக்கும், இன்று என்ன இருப்பு, எந்த எண்ணில் பேசலாம் - ஒரே பக்கம் போதும். மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் இரண்டு எண்களை எழுதினால் சரி: "பத்தாறு இருக்கிறதா?" என்று கேட்டு எத்தனை போன் வந்தது, அவர்களில் எத்தனை பேர் மலையேறி வந்தார்கள்.