ஆனேக்கல் சாலையில் ஒரு வீடு

சொந்த வீடு தேடும் ஊர்கள் – தொடர்

வார நாட்களில் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் கம்பெனி வாசல்களில் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தோடு காரில் ஏறி ஓசூர் சாலையில் தெற்கே போகிறார்கள். ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா. அங்கே வலப்பக்கம் திரும்பினால் பழைய சந்தை ஊரான ஆனேக்கல். நேரே போனால் அத்திபெலே, தமிழக எல்லையைத் தாண்டினால் ஓசூர். வழி நெடுக விளம்பரப் பலகைகள். மூன்று படுக்கையறை, கார் நிறுத்த இடம், மாடித் தோட்டம், பிள்ளைகள் விளையாடப் புல்வெளி. மாத வாடகை கட்டிக் கட்டிச் சலித்த குடும்பத்துக்கு அந்தப் பலகைகள் பெரிய ஆசையைக் காட்டுகின்றன.

ஆசை நியாயமானது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஊர் திரும்பும் எண்ணம் மெல்ல மெல்ல மங்கிவிடுகிறது. பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள். வயதான பெற்றோர் வந்து தங்க ஓர் அறை வேண்டும். அதனால் சென்ற வாரம் பார்த்த நகர மையத்து அடுக்குமாடிகளை விட்டு, இந்த வாரம் நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு வருகிறோம்.

கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், 1978இல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கியது எலெக்ட்ரானிக் சிட்டி. அன்று அதன் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகாவின் கனவு அது. 1994இல் இன்ஃபோசிஸ் தன் தலைமையகத்தை இங்கே மாற்றியது. 2010 ஜனவரியில் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை திறந்தது. 2013இல் தொழிற்பேட்டைக்கு என்றே 'எல்சிட்டா' என்ற தனி நகரிய ஆணையம் வந்தது. ஆனால் 332 ஏக்கரில் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும்தான் இடம். வேலைக்கு வந்தவர்கள் குடியேறியது சுற்றியிருந்த ராகி வயல்களிலும் ஏரிக்கரைகளிலும். இன்றைய வீட்டுச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வி: எந்த எல்லைக்குள்?

விளம்பரத்தில் 'எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பத்து நிமிடம்' என்று இருக்கும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த மனை எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறது என்பதுதான். 2025 செப்டம்பரில் பழைய பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அந்த எல்லை முடியும் இடத்தில் கிராமப் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் தொடங்குகின்றன. ஒரே சாலையின் இரு பக்கமும் வெவ்வேறு நிர்வாகமாக இருக்கலாம். கத்தா யார் தருவது, குப்பையை யார் அள்ளுவது, காவிரிக் குழாய் வருமா வராதா, வரைபடத்துக்கு ஒப்புதல் தர அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் இந்த ஒரு கோட்டைப் பொறுத்தது.

பெங்களூரில் வீடு என்றாலே கத்தா என்ற சொல் காதில் விழும். அது உள்ளாட்சியின் சொத்துவரிப் பதிவு. மாநகராட்சிப் பகுதியில் ஏ கத்தா, பி கத்தா என்று இரண்டு வகை. முறையான ஒப்புதல் இல்லாத சொத்துகளுக்கும் வரி வசூலிப்பதற்காக வைக்கப்பட்ட பதிவேடுதான் பி. பஞ்சாயத்துப் பகுதியில் இ-ஸ்வத்து என்ற கணினிப் பதிவில் 9, 11ஏ, 11பி என்று படிவங்கள் இருக்கின்றன. இதில் 11பி ஒப்புதல் பெறாத மனைகளுக்கானது. 2024 அக்டோபர் முதல் மின்கத்தா இல்லாமல் பத்திரப்பதிவு நடக்காது என்று மாநில அரசு கட்டாயமாக்கிவிட்டது. 'பின்னால் மாத்திக்கலாம் சார்' என்று தரகர் சொன்னால், மாற்றி முடித்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

இந்தப் பக்கம் அதிகம் விற்பது 'ரெவின்யூ சைட்'. விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றாமலே துண்டு போட்டு விற்பார்கள். கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் நிலப் பயன்பாட்டை மாற்றித் தந்த உத்தரவு வேண்டும். அதன் பிறகு அந்தப் பகுதித் திட்ட ஆணையத்தின் லேஅவுட் ஒப்புதல் வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக் கைமாறும் மனைகளும் உண்டு. அப்படிப்பட்ட விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சமையலறை மேடையின் கிரானைட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

2024 கோடையில் அந்தக் கேள்வி பெங்களூர் முழுவதையும் உலுக்கியது. நகரத்துக்கு ஒரு நாளைக்கு 260 கோடி லிட்டர் தேவை. காவிரி தந்தது சுமார் 147 கோடி லிட்டர். மீதிக்கு நம்பியிருந்த அரசு ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 14,000. அவற்றில் 6,900 வறண்டுவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே அறிவித்தார். டேங்கர் விலை கட்டுக்கடங்காமல் போகவே, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரத் தொடங்கியது. ஆனால் அது 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம். எல்லைக்கு வெளியே சந்தாபுரா, ஆனேக்கல் பக்கம் வாங்குகிறவருக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான் நடைமுறை.

ஆகவே கேட்க வேண்டியவை: எத்தனை போர்வெல், எவ்வளவு ஆழம், 2024 ஏப்ரலில் எத்தனை ஓடின, மாதத் தண்ணீர்ச் செலவு எவ்வளவு. இதை விற்பனை அலுவலகத்தில் கேட்பதைவிட, ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவரிடம் கேட்டால் உண்மை தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஏரிக்கரை வீடு என்று கூடுதல் விலை சொல்வார்கள். சந்தாபுரா ஏரியை மாசிலிருந்து காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்த ஏரியைப் பார்க்கும் பால்கனிக்கு அதிக விலை கொடுப்பதற்குமுன் ஒரு மாலை நேரம் அங்கே நின்று மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரின் கழிவு சுமக்கும் தென்பெண்ணை, நுரை பொங்க ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்குள் இறங்குவதை அந்தப் பக்கத்து மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள்.

மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவே அருகில் ஓடினால் இன்னும் எச்சரிக்கை தேவை. பெங்களூர் பெருந்திட்டப்படி ஏரியிலிருந்து 30 மீட்டர், கால்வாயின் வகையைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியதை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து பழைய அளவையே நிலைநிறுத்தியது. கிராம வரைபடத்தில் கால்வாய்க் கோடு எங்கே ஓடுகிறது என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிட்டால், பிறகு இடிப்பு நோட்டீஸ் வருமோ என்ற பயமின்றித் தூங்கலாம்.

அறிவிப்புக்கு விலை கொடுக்காதீர்கள்

மெட்ரோ வருகிறது என்ற ஒரு வரியை வைத்து இந்தப் பகுதியில் பத்தாண்டுக்கு மேல் வீடு விற்றார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2014இல். ஆர்.வி.ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் மஞ்சள் தடத்தில் 16 நிலையங்களோடு ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். அதுவும் மூன்று ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். 2014இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரயில் ஓடும்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது. இன்று ஓசூர் விமான நிலையம் என்ற பலகைகள் முளைத்திருக்கின்றன. 2024 ஜூனில் தமிழகச் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில் அமையும் என்று முதல்வர் அறிவித்த திட்டம் அது. அறிவிப்பு நிறைவேறினால் நல்லது. அதற்கான விலையை இன்றே ஏன் தர வேண்டும்? இன்று ஓடுகிற பஸ், இன்று திறந்திருக்கிற பள்ளி, இன்று ஆகிற பயண நேரம் இவற்றுக்கு மட்டும் விலை போடுவதே குடும்பத்துக்கு நல்லது.

எல்லையின் இரு பக்கமும் கணக்கு

90 லட்ச ரூபாய் தனி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், 4.5 லட்சம். அதன் மேல் செஸ் 10 சதவீதம், நகர்ப்புறச் சர்சார்ஜ் 2 சதவீதம், சேர்த்து 54,000. பதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள், அது 1.8 லட்சம். மொத்தம் 6.84 லட்சம், அதாவது 7.6 சதவீதம். ஓசூரில் அதே விலைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 8.1 லட்சம். 50 லட்சத்துக்கோ அதற்கு மேலோ விலை போனால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முடிவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு இல்லை.

ஓசூர்ப் பக்கம் வாங்குகிறவருக்குப் பட்டா, டிடிசிபி ஒப்புதல் என்று பழகிய சொற்கள். 2016 அக்டோபர் முதல் ஒப்புதல் இல்லாத புதிய மனைகளைப் பதிவு செய்யத் தமிழகத்தில் தடையும் இருக்கிறது. மொழி தெரிந்த அலுவலகம் என்பது சிறிய ஆறுதல் இல்லை. ஆனால் தினமும் அத்திபெலே எல்லையைக் கடந்து வேலைக்கு வந்துபோக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏறத்தாழ இதே அளவு பதிவுச் செலவைப் பிரான்சில் ஒரு சிறிய சந்தை ஊருக்கு அருகே பழைய வீடு வாங்குகிறவரும் செய்கிறார். அங்கே ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம். அந்தப் பணத்துக்கு அவருக்குக் கிடைப்பது வேறு. 'நோட்டேர்' எனப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அதிகாரி சொத்தின் உரிமையை ஆராய்கிறார், வரியை வசூலித்துக் கட்டுகிறார், பத்திரத்தைப் பதிவு செய்கிறார். வீட்டின் எரிசக்திப் பயன்பாட்டை ஏ முதல் ஜி வரை தரப்படுத்திய சான்றிதழை விற்பவர் தர வேண்டும். முதல் ஒப்பந்தத்துக்குப் பின் மனம் மாறிப் பின்வாங்க வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு.

இங்கே சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை மட்டுமே. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அவர் பொறுப்பல்ல. ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் அரசுக்குக் கட்டிவிட்டு, சரிபார்க்கும் சுமையையும் குடும்பமே சுமக்கிறது. இந்த அநியாயத்தை இந்தப் பகுதி வீட்டு வணிகத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

கையிலிருக்கும் ஆயுதங்கள்

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். விலையைக் கார்பெட் ஏரியா கணக்கில்தான் பேச வேண்டும். தாமதமானால் வட்டி கேட்கலாம், அல்லது பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தீர்ப்பு கிடைத்த பிறகும் பணம் வசூலாக அலைய வேண்டியிருக்கும். அதனால் தீர்ப்புவரை போகாத வீடாகப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

ஓசி எனப்படும் குடியேற்றச் சான்றிதழ் இன்னொரு முக்கியத் தாள். அது கிடைத்த பிறகே மின், குடிநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 'பெரிய பேங்க் லோன் தருது, அதனால டாக்குமெண்ட் சுத்தம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார்.

இந்தப் பகுதியில் வீடு வாங்கப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். டோக்கன் பணம் கொடுப்பதற்குமுன், பில்டர் கைகாட்டாத ஒரு வக்கீலிடம் தாய்ப்பத்திரம் முதல் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் வரை கொடுத்து, கருத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிப்போய்ச் சுவரையும் தண்ணீரையும் காட்டுங்கள். 90 லட்சத்தில் அந்தச் செலவு மிகச் சிறியது. வாங்கிய பிறகு குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து, உரிமைக்கு அரசே உத்தரவாதம் தரும் பதிவுமுறை வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். இவ்வளவு கட்டணம் வாங்கும் அரசிடம் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

(தொடரும்)