உங்களுக்குத் தெரியுமா? சிவப்புக் கோடு கற்றுத்தரும் எளிய ஆங்கிலம்

● அன்றாட ஆங்கிலத்துக்கு 850 சொற்கள் போதும் என்று நம்பினார் ஆங்கிலேய அறிஞர் சி.கே. ஆக்டன். 1930-இல் அவர் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ பட்டியலில் பெயர்ச்சொற்கள் 600, பண்புச்சொற்கள் 150. வினைச்சொற்கள் வெறும் 18!

● இந்தப் பட்டியலையே கணினியின் எழுத்துப்பிழை திருத்தியாகவும் மாற்றலாம். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் பயன்படுத்தும் ‘ஹன்ஸ்பெல்’ திருத்திக்கு அகராதி என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். அதில் 850 சொற்களை மட்டும் வைத்தால், மற்ற எல்லாச் சொற்களின் அடியிலும் சிவப்புக் கோடு விழும். ‘கிளைம்ப்’ என்று எழுதினால் கோடு. ‘கோ அப்’ என்று மாற்றினால் கோடு மறைந்துவிடும்.

● ஒரு கவனம்: ‘புக்’ மட்டும் இருந்தால் ‘புக்ஸ்’ பிழையாகத் தெரியும். பன்மை, இறந்தகால விகுதிகளைத் துணைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

● சொல்லைப் பிடிக்கும் திருத்தி, பொருளைப் பிடிக்காது. உதாரணமாக, விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய ஆங்கில விதிகளில் ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே. ‘விதிப்படி நட’ என்ற பொருளில் எழுதக் கூடாது. அந்தத் தவறைக் கண்டுபிடிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கும் புரியும்படி எழுத நினைப்பவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி இது.