படிவளர்ச்சி விட்டுக்கொடுப்பு

படிவளர்ச்சி விட்டுக்கொடுப்பு என்பது ஓர் உயிரினம் ஒரு பண்பில் மேம்படும்போது வேறொரு பண்பில் குறைவை ஏற்க நேரிடுவதைக் குறிக்கும். படிவளர்ச்சியைப் பரிணாமம் என்றும் கூர்ப்பு என்றும் கூறுவர். உணவும் ஆற்றலும் அளவுக்குட்பட்டவை. இயற்பியல் விதிகளும் உடலமைப்பைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே எல்லா வகையிலும் சிறந்த விலங்கு தோன்ற இயலாது. இலஞ்சி, குற்றாலம் ஆகிய ஊர்களை ஒட்டியுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் விலங்குகள் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

பறக்கும் ஓணான்

பறக்கும் ஓணான் சிறகடித்துப் பறப்பதில்லை. நீண்ட விலா எலும்புகள் தாங்கும் தோல்மடிப்பை விரித்து மரத்திலிருந்து மரத்திற்குச் சறுக்கிச் செல்கிறது. உடலின் நீள அகல உயரங்கள் இரு மடங்கானால் தோல்மடிப்பின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். அதாவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலும் இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். ஆகவே உடல் பெருத்தால் சறுக்கும் திறன் குறையும். முட்டைகளைச் சுமக்கும் பெண் ஓணானுக்கும் இதே இடர் உண்டு.

யானை

இதே கணக்கு யானைக்கும் பொருந்தும். எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. எடை அதைவிட விரைவாகக் கூடுவதால் யானைக்குத் தூண் போன்ற தடித்த கால்கள் தேவைப்படுகின்றன. அதனால் துள்ளிக் குதிக்க இயலாது. எடையை நோக்கத் தோலின் பரப்பு குறைவு என்பதால் உடல்வெப்பத்தை வெளியேற்ற அகன்ற காதுகள் உதவுகின்றன.

பேருடல் இனப்பெருக்கத்தையும் மெதுவாக்குகிறது. வீட்டெலி ஏறத்தாழ 3 வாரங்களில் பல குட்டிகளை ஈனும். யானையின் கருக்காலம் சுமார் 22 மாதங்கள். பெரும்பாலும் ஒரே கன்றுதான் பிறக்கும். அடுத்த கன்றுக்குப் பொதுவாக 4 அல்லது 5 ஆண்டுகள் ஆகும்.

மயில்

முருகனின் ஊர்தியாகப் போற்றப்படும் மயிலை இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு வருவோர் நன்கறிவர். ஆண் மயிலின் தோகை சுமார் 1.5 மீட்டர் நீளமுடையது. பெண் மயில்களைக் கவரும் இத்தகைய பண்புகளைச் சார்லசு டார்வின் 1871இல் பால்வழித் தேர்வு மூலம் விளக்கினார். தோகை பறத்தலைப் பெரிதும் தடுக்கும் என்று எண்ணப்பட்டது. எனினும் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தோகையை நீக்கிய பின்னும் மேலெழும்பும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் உதிரும் தோகையை மீண்டும் வளர்க்க ஆற்றல் செலவாகிறது. ஆகவே விட்டுக்கொடுப்பு எங்கே நிகழ்கிறது என்பதை அளந்தே அறிய வேண்டும்.

முக்கியத்துவம்

விட்டுக்கொடுப்புகள் ஒரு குறிப்பிட்ட சூழலுக்கேற்ப அமைந்தவை. சூழல் விரைந்து மாறினால் முன்பு நன்மையாக இருந்ததே தீங்காகலாம். மரங்கள் வெட்டப்பட்டு இடைவெளி பெருகினால் பறக்கும் ஓணானால் அதைக் கடக்க முடியாது. வேட்டையாலோ விபத்தாலோ இறக்கும் ஒரு தாய் யானையின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

இயற்கைத் தேர்வு
பால்வழித் தேர்வு
மேற்குத் தொடர்ச்சி மலை