குமாரமங்கலத்தார் கொண்டு வந்த மசோதா

ஒரு சட்டசபை உறுப்பினரின் வரவு-செலவுக் கணக்கு

திருச்செங்கோட்டு மலையைப் பார்த்திருக்கிறீர்களா?

சேலத்தில் இருந்து வந்தாலும் சரி, ஈரோட்டில் இருந்து வந்தாலும் சரி, சமவெளிக்கு நடுவே அந்த மலை எழுந்து நிற்பது தூரத்திலேயே தெரியும். படி வழியாக உச்சிக்குப் போனால் சுமார் 1,200 படிகள் ஏற வேண்டும். அங்கே அர்த்தநாரீசுவரர் குடியிருக்கிறார். பாதி ஆண், பாதி பெண்.

இன்று இந்துக்களில் யார் வேண்டுமானாலும் கோவிலுக்குள் போகலாம், கும்பிடலாம். "நீ என்ன சாதி?" என்று கேட்டுத் தடுத்தால் அது குற்றம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. தமிழ்நாட்டின் பெரிய கோவில்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடம் இல்லை. வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கதவைச் சட்டத்தால் திறக்க முடியுமா என்று சென்னை சட்டசபையில் முயன்றவர், இதே திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். பெயர், டாக்டர் பி.சுப்பராயன்.

யார் இவர்?

திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள ஊர் குமாரமங்கலம். அன்று சேலம் மாவட்டம். 1997-ம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டம்.

அந்த ஊர் ஜமீன்தார்தான் சுப்பராயன். 1889-ம் ஆண்டு பிறந்தவர். சென்னையில் படித்தார். பிறகு கடல் கடந்து போய் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் படித்தார். 'டாக்டர்' என்றதும் ஊசி போடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப் படிப்புக்காகக் கிடைத்த பட்டம் அது.

1920-ம் ஆண்டு நிலச்சுவான்தார்களின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குள் போனார். 1926-ல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். 1930 வரை பதவியில் இருந்தார்.

பதவி போன பிறகு, சாதாரண உறுப்பினராக இருந்தபோதுதான், அவர் அந்த மசோதாவைக் கொண்டு வந்தார்.

மசோதா என்றால் என்ன?

வீடு கட்டும் முன்பு பிளான் போடுகிறோம் அல்லவா? சட்டத்துக்குப் போடும் பிளான்தான் மசோதா. சபையில் விவாதிப்பார்கள். திருத்துவார்கள். ஓட்டு எடுப்பார்கள். ஒப்புதல் கிடைத்தால் அது சட்டம் ஆகும்.

பெரும்பாலும் மந்திரிகளே மசோதா கொண்டு வருவார்கள். ஆனால் மந்திரியாக இல்லாத உறுப்பினரும் கொண்டு வரலாம். அதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர்.

தர்மகர்த்தா மனது வைத்தால் போதாதா?

"கோவில் நிர்வாகிகளே கதவைத் திறந்துவிட்டால் ஆயிற்று. இதற்கு எதற்கு சட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல்!

ராமநாதபுரம் சீமையில் உள்ள கமுதி கோவில் வழக்கைக் கேளுங்கள். அங்கே நாடார்களைக் கோவிலுக்குள் விட மறுத்தார்கள். வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறி லண்டன் வரை போனது. நடுவில், வழக்குத் தொடுத்த ராமநாதபுரம் ராஜாவே சமரசத்துக்கு இறங்கி வந்தார். ஆனாலும் பயன் இல்லை. "பழைய வழக்கத்தை மாற்ற உமக்கு அதிகாரம் கிடையாது" என்று ஆகிவிட்டது. 1908-ம் ஆண்டு பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

ராஜாவின் மனம் மாறியும் கதவு திறக்கவில்லை. வழக்கம்தான் பெரிது என்று கோர்ட்டு சொன்னால், அதை மாற்றச் சட்டம்தானே வேண்டும்?

1932: குருவாயூர்

1932-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தீண்டாமை பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது.

அதே நேரம் குருவாயூர் கோவிலை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். அன்று குருவாயூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. காந்தியடிகள் கேளப்பனை நிறுத்தச் சொன்னார். "கோவில் திறக்காவிட்டால் உம்மோடு நானும் உண்ணாவிரதம் இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்தார். 1933 ஜனவரி 2-ந் தேதி தொடங்குவது என்று முடிவாயிற்று.

பொன்னானி தாலுகாவில் வீடு வீடாகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். பெரும்பாலோர் "திறக்கலாம்" என்றே சொன்னார்கள். ஆனால் கோவில் பொறுப்பில் இருந்த சாமூத்திரி மன்னர், சட்டம் தன் கையைக் கட்டியிருப்பதாகச் சொன்னார்.

மறுபடியும் அதே பூட்டு!

அந்தப் பூட்டுக்குச் சாவி செய்யத்தான் சுப்பராயன் முன்வந்தார். கோவில் நுழைவை ஆதரித்து 1932 நவம்பரில் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். அது நிறைவேறியது. அடுத்து மசோதாவைத் தயாரித்தார்.

அது யாரையும் கட்டாயப்படுத்தும் மசோதா அல்ல. கோவிலில் வழிபடும் மக்களில் பெரும்பாலோர் விரும்பினால் கோவிலைத் திறக்கலாம் என்பதே அதன் சாரம்.

டெல்லியில் இருந்து வந்த பதில்

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மசோதாவைச் சபையில் வைக்கவே வைஸ்ராயின் அனுமதி வேண்டும். காகிதம் டெல்லிக்குப் போனது. ஜனவரி பாதிக்கு முன்பு பதில் வராது என்று தெரிந்தது.

காந்தியடிகள் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரி 2-ந் தேதி தொடங்க இருந்த உண்ணாவிரதத்தைத் தள்ளி வைத்தார்!

குமாரமங்கலத்து மனிதர் எழுதிய சில பக்கக் காகிதம். அதன் முடிவுக்காகக் காந்தியடிகளே காத்திருந்தார்.

ஜனவரி மாதக் கடைசியில் பதில் வந்தது. வைஸ்ராய் வெல்லிங்டன் பிரபு அனுமதி மறுத்துவிட்டார். "இது இந்தியா முழுவதும் உள்ள இந்துக்களைப் பற்றிய விஷயம். ஒரு மாகாண சபை தீர்மானிக்க முடியாது" என்பது அவர் சொன்ன காரணம்.

சுப்பராயனின் மசோதா சபை வாசலைக்கூட மிதிக்கவில்லை.

டெல்லி மத்திய சட்டசபையில் சி.எஸ்.ரங்கய்யர் கொண்டு வந்த இதே போன்ற மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் போதிய ஆதரவு இல்லாமல் 1934-ல் கைவிடப்பட்டது.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெல்லி மசோதாவை டாக்டர் அம்பேத்கர் ஆதரிக்கவில்லை.

தீண்டாமை பாவம் என்று அந்த மசோதா சொல்லவில்லையே என்று அவர் குறை சொன்னார். பெரும்பாலோர் விருப்பத்துக்கு ஏன் விட வேண்டும் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதானே? உள்ளே போகத் தவிப்பவன் ஒருவன். அவனை விடலாமா என்று ஓட்டுப் போடுகிறவர்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்! சுப்பராயனின் மசோதாவிலும் இந்தக் குறை இருந்தது.

மந்திரியான பிறகு?

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. ராஜாஜியும் சேலத்துக்காரர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அவருடைய மந்திரிசபையில் சுப்பராயன் சட்டம், கல்வி மந்திரி.

"இனி மசோதா வந்துவிடும்" என்றுதானே நினைப்போம்?

1938-ல், தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜா ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். பொதுக் கிணறு, பொதுச் சாலை போன்ற இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அது. அது சட்டமானது. பெரிய வெற்றி!

அடுத்து கோவில் நுழைவுக்கும் அவர் மசோதா கொண்டு வந்தார். அதை ராஜாஜி ஏற்கவில்லை. படிப்படியாகப் போகலாம் என்றார். மசோதா தோற்றது. மலபார் பகுதிக்கு மட்டும் அரசு ஒரு சட்டம் செய்தது. அதிலும் மக்கள் ஓட்டு, பெரும்பான்மை என்ற அதே வழிதான்.

1932-ல் மசோதா எழுதிய சுப்பராயன், 1938-ல் அந்த மந்திரிசபையில்தான் இருந்தார். மந்திரிசபை செய்வதற்கும் செய்யாததற்கும் எல்லா மந்திரிகளும் பொறுப்பு. இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மதுரையில் திறந்த கதவு

1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி. மதுரையில் வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்ட சகோதரர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். கோவில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு துணை நின்றார்.

கமுதியில் நடந்ததுபோல் இவர்களையும் கோர்ட்டுக்கு இழுத்தால்? அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு அது முழுச் சட்டம் ஆனது. நிர்வாகிகள் விரும்பினால் அரசு சம்மதத்தோடு கோவிலைத் திறக்கலாம் என்று ஏற்பட்டது.

1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபைக் காலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. எந்தச் சாதி இந்துவும் எந்த இந்துக் கோவிலுக்குள்ளும் போகலாம் என்றது. ஓட்டும் இல்லை, பெரும்பான்மையும் இல்லை. அது உரிமை! அந்த மந்திரிசபையிலும் சுப்பராயன் இருந்தார்.

பிறகு அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவு அந்தச் சபை எழுதியதுதான்.

1932-ல் போட்ட விதை முளைத்து வர 15 ஆண்டு ஆயிற்று. தண்ணீர் ஊற்றியவர்கள் பலர்.

கணக்கைப் பார்ப்போம்

பெட்டிக்கடைக்காரரும் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார். சுப்பராயன் கணக்கையும் பார்த்துவிடுவோமா?

வரவு: 1932 மசோதா. அவர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய சட்டப் போராட்டம் 1929-ல் பலன் தந்ததும் அதே காலத்தில்தான்.

செலவு: நான்கு ஆண்டுகள் முதல் மந்திரியாக இருந்தபோது கோவில் நுழைவுச் சட்டம் வரவில்லை. 1928-ல் சைமன் கமிஷன் வந்தபோது அவருடைய மந்திரிகள் இருவர் ராஜினாமா செய்தனர். அவர் பதவியில் நீடித்தார். 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் ஆக்கப்பட்டபோது கல்வி மந்திரி அவரே. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிர் இழந்தார்கள்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 1955-ல் மத்திய அரசு ஆட்சிமொழிக் கமிஷன் அமைத்தது. அதில் சுப்பராயனும் உறுப்பினர். இந்தி விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்று, கமிஷன் அறிக்கையோடு ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார். வங்காளத்தின் சுநீதி குமார் சட்டர்ஜியும் அப்படியே எழுதினார்.

1938-ல் ஒரு பக்கம். 1956-ல் மறுபக்கம். இரண்டும் ஒரே மனிதரின் கணக்கில் இருக்கின்றன.

1957-ல் திருச்செங்கோட்டில் இருந்தே மக்களவைக்குப் போனார். மத்திய மந்திரி ஆனார். 1962-ல் மராட்டிய மாநில கவர்னராக இருக்கும்போது காலமானார்.

உங்கள் உறுப்பினர் கணக்கு எங்கே?

இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடிகிறது? சபையில் நடப்பது பதிவாகிறது. அதனால்தான்!

இன்று பதிவுகள் இன்னும் அதிகம். தேர்தலில் நிற்பவர் தம் சொத்து, கடன், படிப்பு, தம் மீது உள்ள வழக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்பளித்தது. அதை யாரும் பார்க்கலாம்.

தனிநபர் மசோதா கொண்டு வரும் உரிமை இன்றும் உண்டு. நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல்!

"அப்படியானால் மசோதா கொண்டு வந்து என்ன பயன்?" என்று கேட்காதீர்கள். சுப்பராயனின் மசோதாவும் வாசலிலேயே தடுக்கப்பட்டதுதான். ஆனாலும் ஒரு கேள்வியை அது நாட்டின் முன்னால் வைத்தது. பிறகு அதை யாராலும் மூடி வைக்க முடியவில்லை.

அடுத்த முறை உங்கள் உறுப்பினர் ஊருக்கு வந்தால் மாலை போடுங்கள். தவறில்லை. கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்.

"சபையில் எங்களுக்காக என்ன கேட்டீர்கள்? எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினீர்கள்? எப்போது பேசாமல் இருந்தீர்கள்?"

மாலை மறுநாள் வாடிவிடும். பதில் கணக்கில் நிற்கும்.