தேனிலவுத் தீவுகளும் அகதியர் கரைகளும்

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களிலே அண்மைக் காலமாகப் புதியதொரு புகைப்படம் இடம்பெற்று வருகின்றது. மணவறையும் தாலிகட்டும் நாலாஞ் சடங்கும் அடங்கிய வழமையான திருமண அல்பத்தின் இறுதிப் பக்கங்களில், வெண்ணிறச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும் அவற்றின் கீழே ஆழ்ந்த கடலுமாக ஒரு காட்சி, நடுவிலே மணமக்கள். எந்த இடமென்று வினவினால், "சந்தோரினி, கிரேக்க நாட்டுத் தீவு, தேனிலவுக்குப் போனபோது எடுத்தது" என்று விடை வரும்.

இவ்விடையைக் கேட்டு முகம் சுளிக்கும் முதியோர் எம்மிடையே பலர். "நாங்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை, அதற்குள் தேனிலவு ஒரு கேடா?" என்பது அவர்களது வினா. இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், தேனிலவு என்பது வெறும் ஆடம்பரமா, அல்லது எமது தலைமுறை இழந்துபோன ஒன்றைப் பிள்ளைகள் மீளப் பெறுகின்றனரா என்பதையும் நாம் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

எமது மரபிற்குப் புறம்பானதா?

தேனிலவு என்ற சொல் ஆங்கிலச் சொல்லின் நேர்மொழிபெயர்ப்பே. ஸ்ரீதர் இயக்கிக் காஷ்மீரத்திற் படமாக்கிய 'தேன் நிலவு' என்னும் திரைப்படம் 1961 இல் வெளிவந்து, அச்சொல்லை எம்மவர் நாவிலும் நிலைபெறச் செய்தது. ஆனால், புதுமணத் தம்பதியர் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் செல்லும் வழக்கம் எமக்குப் புதிதன்று. கால்மாறிப் போதல் என்று மணமகன் இல்லத்திற்குச் சென்றனர். பின்னர் நாள் பார்த்து உறவினர் வீடு வீடாக விருந்துண்ணச் சென்றனர். வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ உறவினர் இருப்பின் அவ்விருந்துப் பயணம் தீவுப் பயணமாகவே அமைந்தது. நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் படகேறிய புதுமணத் தம்பதியர் எத்தனை பேர்! சோளகக் காற்றில் ஆடும் படகிலே, முன்பின் அறியாத கணவனின் கையை முதன்முதலாகப் பற்றிக்கொண்ட பெண்களும் எம்மிடையே இருந்திருப்பர்.

யுத்தம் அக்கடலையும் எம்மிடமிருந்து பறித்தது. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதன் பின்னர், தீவுப் பயணம் என்றாலே நெஞ்சம் நடுங்கும் காலமொன்று வந்தது. விருந்துப் பயணங்கள் நின்றன. இடப்பெயர்வுப் பயணங்கள் தொடங்கின.

சாட்சியமாகிப்போன புகைப்படம்

அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர் தாம் தப்பிவந்த நாட்டிற்குத் திரும்பிச் செல்லல் ஆகாது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரையின்படி அவருக்கு வழங்கப்படும் பிரயாணப் பத்திரத்தைக் கொண்டு பிற நாடுகளுக்குச் செல்லலாம். சொந்த ஊருக்குச் செல்ல இயலாது. ஆகவே, ஐரோப்பாவிலிருந்த மணமகனும் யாழ்ப்பாணத்திலிருந்த மணமகளும் மூன்றாவதொரு நாட்டிலே சந்திக்க வேண்டியதாயிற்று. தமிழகமும் சிங்கப்பூரும் மலேசியாவும் எமது திருமண மண்டபங்களாயின.

எனது திருமணமும் அவ்வாறே திருச்சிராப்பள்ளியில் வாடகை மண்டபமொன்றில் நிகழ்ந்தது. மறுநாள் இருவரும் மலைக்கோட்டைக்குச் சென்றோம். படிகளில் நின்று ஆறு புகைப்படங்கள் எடுத்தோம். அவை நினைவுக்காக எடுக்கப்பட்டவையல்ல. "கோயிலில் மட்டும் நின்றால் போதாது, ஊர் சுற்றிய படமும் தூதரகத்திற்குக் காட்ட வேண்டும்" என்று அனுபவசாலி ஒருவர் கூறியமையால் எடுக்கப்பட்டவை. ஆறும் கோப்பினுட் சென்றன. ஒன்றேனும் திரும்பி வரவில்லை.

இது எம் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. யுத்த காலத்துத் தமிழர் திருமணங்களை ஆராய்ந்து மானிடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு 2019 இல் வெளியிட்ட நூல், திருமண அல்பங்கள் குடிவரவு அதிகாரிகளின் முன்னே சான்றாவணங்களாகிய விதத்தை விரிவாக எடுத்துரைக்கின்றது. பிரித்தானியாவிலோ, திருமணத்தின் முதன்மை நோக்கம் நாட்டினுள் நுழைவதல்ல என்பதை விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்றொரு விதி 1997 வரை நடைமுறையில் இருந்தது. அன்பை அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டியிருந்த தலைமுறை எமது தலைமுறை. யாருக்கும் காட்டுவதற்காகவன்றித் தமக்காகவே படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைக் காணும்பொழுது எமக்குப் பொறாமை எழலாம். கோபம் எழ நியாயமில்லை.

ஜெபல் அலியிலிருந்து

மகளின் பணி நிமித்தம் யான் தற்போது தங்கியுள்ள ஜெபல் அலி, டுபாயின் தென்மேற்கே மணலை அகழ்ந்து உருவாக்கப்பட்ட துறைமுக நகர். துறைமுகம் 1979 இலும், அதனை அடுத்த சுதந்திர வர்த்தக வலயம் 1985 இலும் தொடங்கப்பட்டன. இங்கு தொழில் புரியும் எம்மவருள் இருவகையினரைக் காணலாம்.

ஒருவகையினர் தொழிலாளர் விடுதிகளில் வாழ்வோர். ஒரு மாத விடுமுறையில் ஊர் சென்று மணமுடித்து, மஞ்சள் வாசனை மாறுமுன் தனியே திரும்புவோர். 2019 ஆம் ஆண்டின் விதிப்படி, குடும்பத்தை இங்கு அழைப்பதற்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹாமாக இருத்தல் வேண்டும்; அல்லது இருப்பிடத்துடன் 3,000 திர்ஹாம் பெறுதல் வேண்டும். அத்தொகையை எட்டாதவருக்குத் தேனிலவு என்பது தொலைபேசித் திரையிலே தோன்றும் முகந்தான்.

மற்றவகையினர் அலுவலகங்களிற் பணிபுரியும் இளைஞரும் யுவதியரும். டுபாயிலிருந்து சந்தோரினிக்கும் மிக்கோனோசுக்கும் கோடைகால நேரடி விமான சேவைகள் 2021 இல் தொடங்கியபின் கிரேக்கத் தீவுகள் அவர்களுக்கு அண்டை வீடுகளாயின. எனினும் விமானச் சீட்டு வேறு, விசா வேறு. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் செங்கன் விசா பெற்றே செல்லல் வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ் முதலிய செங்கன் நாடொன்றில் வதிவிட அனுமதியும் அந்நாட்டின் அகதிப் பிரயாணப் பத்திரமும் உடையவருக்குத் தனி விசா வேண்டியதில்லை. 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளின் அகதிப் பத்திரம் உடையோர் புறப்படுமுன் கிரேக்கத் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளல் நன்று. மணமக்கள் இருவர் கைகளிலும் இருவேறு பத்திரங்கள் இருக்குமாயின், விசாவைப் பெற்றபின் விடுதிக்குப் பணம் கட்டுவதே அறிவுடைமை.

பருவத்தையும் கவனித்தல் வேண்டும். ஆடி ஆவணி மாதங்களில் 'மெல்தெமி' என்னும் வடகாற்று ஈஜியன் கடலிற் கடுமையாக வீசும், படகுகள் தடைப்படுவதுமுண்டு. மே, ஜூன், செப்டெம்பர் மாதங்கள் செலவும் நெரிசலும் குறைந்தவை.

இடங்கொடுத்த தீவு

சந்தோரினியின் அழகு அழிவிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதி கடலில் அமிழ்ந்தமையாலேயே அச்செங்குத்தான பாறைச் சுவர்கள் தோன்றின. இன்று மணமக்கள் பெருந்தொகை செலுத்தித் தங்கும் ஈயா கிராமத்துக் குகை அறைகள் பல, ஒருகாலத்தில் மாலுமிகளும் ஏழை உழைப்பாளரும் வாழ்ந்த வீடுகள். 1956 ஜூலை 9 இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அவ்வீடுகளைச் சிதைத்தது. மக்கள் பலர் தீவைவிட்டு அகன்றனர். பாழடைந்து கிடந்த வீடுகளே பின்னாளில் விடுதிகளாயின. விட்டுவந்த வீட்டின் அருமையை எமது வாசகர்க்கு யான் விளக்க வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியிலும் தொடர் நில அதிர்வுகளால் பல்லாயிரவர் அத்தீவைவிட்டுத் தற்காலிகமாக வெளியேறினர்.

மிக்கோனோசுக்குச் செல்வோர் அங்கிருந்து அரைமணி நேரப் படகுப் பயணத்தில் டீலோஸ் என்னும் சிறு தீவைக் காணாது திரும்புதல் கூடாது. அது 1990 முதல் உலக மரபுரிமைத் தலம்; குடியிருப்புகளற்ற இடிபாடுகளின் தீவு. அதன் பழங்கதை அகதிப் பெண்ணொருத்தியின் கதையாகும். லீட்டோ என்னும் நிறைமாதக் கர்ப்பிணி, விண்ணரசி ஹீராவின் சினத்திற்கு ஆளாகி ஊரூராக அலைந்தாள். ஹீராவுக்கு அஞ்சி எந்த நிலமும் அவளுக்கு இடமளிக்கவில்லை. இழப்பதற்கு எதுவுமற்றதும் கடலில் மிதந்து திரிந்ததுமான டீலோஸ் மாத்திரம் அவளை ஏற்றது. அங்கேதான் அப்பொல்லோ பிறந்தான் என்பர்.

கதை இத்துடன் முடியவில்லை. கி.மு. 426 இல் அத்தீவைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறிய ஏதென்ஸ் நகரத்தார், அங்கு எவரும் பிறக்கவோ இறக்கவோ கூடாதென விதித்தனர். கர்ப்பிணிக்குப் புகலளித்த தீவிலிருந்து கர்ப்பிணிகள் வெளியேற்றப்பட்டனர்! கி.மு. 422 இல் டீலோஸ் மக்கள் அனைவருமே துரத்தப்பட்டுக் கடல்கடந்து, இன்றைய துருக்கிக் கரையில் பாரசீக ஆளுநர் அளித்த இடத்திற் குடியேறினர். அடுத்த ஆண்டில் அவர்களுட் பலர் மீள அழைக்கப்பட்டனர். புகலிடச் சட்டம் இறுகுவதும் தளர்வதும் எமது காலத்திற்கு மாத்திரம் உரியதன்று.

மறுபுறத்துக் கரை

மேற்குறித்த தீவுகளுக்குக் கிழக்கே, துருக்கிக் கரையை அண்டி லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ், கோஸ் என்னும் தீவுகள் உள்ளன. துருக்கியின் போட்றம் நகரிலிருந்து கோஸ் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே கரையடைந்துவிடும். அதே நீரிணையைக் காற்றடைத்த சிறு படகிற் கடக்க முயன்றபோதே, 2015 செப்டெம்பர் 2 இல் சிரியச் சிறுவன் அலன் குர்தி உயிரிழந்தான். கடல் ஒன்றுதான். கையிலுள்ள பத்திரமே ஒருவரைப் பயணியென்றும் மற்றவரை அகதியென்றும் பிரித்தது.

அவ்வாண்டில் 850,000 இற்கும் மேற்பட்டோர் கடல்வழியே கிரேக்கத்தை வந்தடைந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் இறங்கிய லெஸ்போஸ், ஏறத்தாழ 85,000 பேர் வாழும் தீவு. அங்குள்ள மீனவர் வலையை விட்டுவிட்டு மனிதரை மீட்டனர். முதிய பெண்கள் முன்பின் அறியாத சிசுக்களை மடியிற் கிடத்திப் பால் புகட்டினர். இவர்களது பெயர் 2016 இன் நோபல் சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவர்களுட் பலர் 1922 இல் துருக்கியிலிருந்து விரட்டப்பட்டு அதே நீரிணையைக் கடந்துவந்த கிரேக்க அகதிகளின் வழித்தோன்றல்கள் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. தாய் பட்ட துயரை மகள் மறக்கவில்லை.

எனினும் அத்தீவைப் பொன்னுலகமென்று கூறிவிடவும் இயலாது. அங்கிருந்த மோரியா முகாம் கொள்ளளவைப் பன்மடங்கு மீறி நிரம்பியது; 2020 செப்டெம்பரில் அது எரிந்தழிந்தபோது 12,000 இற்கும் மேற்பட்டோர் மீண்டும் ஒருமுறை வீடற்றோராயினர். முதலில் அணைத்த கைகளும் காலப்போக்கிற் சலித்துப்போதல் உண்டு.

இத்தகைய கதை ஜெபல் அலிக்கும் உண்டு. அவுஸ்திரேலியாவை நோக்கிச் சென்று நடுக்கடலில் தத்தளித்த எம்மவர் நாற்பதுக்கும் மேற்பட்டோரை 2012 இல் வணிகக் கப்பலொன்று மீட்டு இத்துறைமுகத்தில் இறக்கியது. ஐக்கிய அரபு இராச்சியம் 1951 ஆம் ஆண்டின் சமவாயத்தில் ஒப்பமிடாத நாடு. அவர்களுள் அகதிகளென ஐ.நா. ஏற்றுக்கொண்டோரையும் இலங்கைக்குத் திருப்பியனுப்பும் அபாயம் எழவே, அது கூடாதென 2013 இல் மனித உரிமை அமைப்புகள் குரலெழுப்பின. தேனிலவுக்குப் புறப்படும் எமது பிள்ளைகள், தம்மவர் காத்துக்கிடந்த கரைக்கு அண்மையிலிருந்தே விமானம் ஏறுகின்றனர்.

விருந்து என்னும் சொல்

கிரேக்க மொழியிலே 'க்செனோஸ்' என்னும் ஒரே சொல் அந்நியனையும் குறிக்கும், விருந்தினனையும் குறிக்கும். எமது மொழியிலும் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாக வந்தவன் எவனோ அவனே விருந்தினன். அவன் பணம் கொண்டுவந்தானா, வெறுங்கையுடன் வந்தானா என்ற வேறுபாடு அச்சொற்களில் இல்லை. வேறுபாட்டைப் புகுத்தியவர் பிற்காலத்தவர்.

எனவே, பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளைகள் கடன்படாது தம் உழைப்பிற் செல்வாராயின் தடுக்காதீர். அறிமுகமற்ற ஊரிலே, உறவினரின் கண்காணிப்பின்றி, இருவரும் ஒருவரையொருவர் மாத்திரம் நம்பி வழிதேடும் அச்சில நாட்கள் இல்லறத்திற்கு நல்ல பயிற்சி. மணமக்களுக்கும் ஒரு சொல்: ஈயாவின் அந்திப் பொழுதைக் கண்டு மகிழுங்கள், அத்துடன் டீலோசுக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். லெஸ்போஸ் செல்ல வாய்ப்புக் கிடைப்பின் அதன் தலைநகர் மித்திலீனியில், பிள்ளைகளை அணைத்தவாறு நிற்கும் ஆசியா மைனர் அகதித் தாயின் சிலையைத் தேடிச் சென்று பாருங்கள். அவளருகே நின்று ஒரு படம் எடுத்து வீட்டிற்கு அனுப்புங்கள். அப்படத்திலுள்ள பெண் யாரென்று உங்கள் அம்மாவுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.