யாழ்ப்பாணத்தார் கட்டிய நூல்நிலையம்

வளரும் நாடுகளில் நூல்நிலையங்கள் அமைப்பதற்காகப் பிற நாடுகளிலிருந்து தொண்டர்கள் வருவதை நாம் அறிவோம். அவர்கள் பணம் திரட்டுகிறார்கள்; சுவர் எழுப்புகிறார்கள்; பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை அனுப்புகிறார்கள். நற்பணிதான். ஆனால் அவர்கள் தம் நாடு திரும்பிய பிறகு அந்தக் கதவை நாள்தோறும் திறப்பவர் யார்? கப்பலில் வந்து இறங்கும் ஆங்கில நூல்கள் மயிலத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமிக்கு எவ்வாறு பயன்படும்? இக்கேள்விகளுக்கு விடை காண நாம் யாழ்ப்பாணம் வரை செல்ல வேண்டும்.

1933-ஆம் ஆண்டு அந்நகரில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலிருந்த நூல்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். இரவல் போன புத்தகம் திரும்பி வருவது அரிது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்! அவரோ அதற்கு அஞ்சவில்லை. பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோளும் விடுத்தார். ஊர்ப் பெரியோர் கூடினர், குழு அமைத்தனர். 1934 ஆகஸ்டு முதல் நாள் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூல்நிலையம் திறக்கப்பட்டது. இதுவரை வெளிநாட்டு உதவி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாசகர் பெருகினர், இடம் போதவில்லை. பின்னர் 1950-களில் மேயர் சாம் சபாபதியின் காலத்தில் பெரிய கட்டடம் ஒன்று எழுப்பத் தீர்மானித்தனர். களியாட்ட விழாக்கள் நடத்திப் பணம் சேர்த்தனர். இப்பணியில் முன்னின்று உழைத்தவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லாங் அடிகளார். கடல் கடந்து வந்த அந்தக் கத்தோலிக்கக் குருவானவர் அவ்வூர் மக்களில் ஒருவராகவே நின்று உழைத்தார். 1954 மார்ச் 29 அன்று நாட்டப்பட்ட அடிக்கல்லில் அவருக்கும் பங்கு உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளும் அன்று உடனிருந்தனர்.

நம் தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. கட்டடத்தின் வரைபடத்தைத் தந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை வழங்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு செல்லும் ஏற்பாடும் நடந்தது. மேலே கேட்ட ஆங்கில நூல் கேள்விக்கு அவருடைய விதியே விடை என்று எனக்குத் தோன்றுகிறது. படிப்பவர் யார் என்று அறிந்த பிறகே நூலைத் தேட வேண்டும். அதை அறிந்தவர் உள்ளூர்க்காரரே.

1959 அக்டோபர் 11 அன்று மேயர் அல்பிரட் துரையப்பா புதிய கட்டடத்தைத் திறந்து வைத்தார். முகப்பில் கலைமகளின் சிலை. வளாகத்திலேயே லாங் அடிகளாருக்கும் ஒரு சிலை. இந்தக் காட்சியை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

ஆனால் 1981 மே 31 நள்ளிரவை ஒட்டிக் காவற்படையினரும் காடையரும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தொலைவிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காமல் உயிர் நீத்தார். நூல்களை இழந்த துயரில் ஒரு குருவானவர் உயிர் விட்டார் என்பதை முதலில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. அவற்றுள் பல வேறெங்கும் படியில்லாதவை என்று அறிந்த பின்புதான் அவர் துயரம் எனக்கு விளங்கியது.

கட்டடம் மீண்டும் எழுந்தது. அதற்காக 1998-ல் ‘புத்தகமும் செங்கலும்’ என்ற பெயரில் நன்கொடை திரட்டினார்கள். இன்று அந்நூல்நிலையம் பழைய வடிவிலேயே இயங்கி வருகிறது. எரிந்துபோன சுவடிகளை மட்டும் எந்த நன்கொடையாலும் வாங்க இயலவில்லை.

இதனால்தானோ என்னவோ, 2005-ல் ஈழத் தமிழ்த் தொண்டர்கள் ‘நூலகம்’ என்ற பெயரில் வேறொரு வழியைத் தொடங்கினார்கள். பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்படி எடுத்து இணையத்தில் சேர்க்கிறார்கள். இலங்கையில் இருப்போரும் பிற நாடுகளில் வாழ்வோரும் இதில் கைகோத்திருக்கிறார்கள். நூல் ஓரிடத்திலும் அதன் மின்படி வேறோரிடத்திலும் இருப்பதால் ஒரே தீயில் இரண்டும் அழியா. மயிலத்தில் நம் வீட்டுக் கைப்பேசியிலும் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.